மணி அடித்த பின்னர்

ஜூன் திங்களில் பள்ளி திறந்த இரண்டாம் நாள். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடவேளை. புதுப் புத்தகங்கள் வந்து சேரவில்லை. வெறுங்கையோடு வகுப்புக்குச் சென்ற நான், ஆளுக்கொரு தாள் கொடுத்து, "இந்த ஆண்டு ஆங்கில வகுப்பிலிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன? தமிழிலேயே எழுதுங்கள். பெயர் போட வேண்டியதில்லை" என்றேன். நாற்பத்திரண்டு தாள்கள் திரும்பி வந்தன. மாலையில் பேருந்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்பது பெரும்பாலோர் வேட்கை. கணிப்பொறி வேலைக்குப் போக வேண்டும் என்றவர்கள் சிலர். வங்கியிலிருந்து தந்தைக்கு வரும் கடிதத்தைத் தானே படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அந்தக் கடிதங்களில் என்ன இருக்கும் என்பது நம் ஊர் உழவர் வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். இவற்றினிடையே ஒரு தாளில் இரண்டே வரிகள். "நான் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்போது யாரும் சிரிக்கக் கூடாது." 'யாரும்' என்ற சொல்லுக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு.

இதென்ன சின்ன ஆசை என்றுதான் முதலில் எண்ணினேன். வானூர்தி ஓட்ட வேண்டும், வெளிநாடு செல்ல வேண்டும் என்று மற்றவர்கள் எழுதும்போது, எழுந்து நிற்பதும் ஒரு கேள்வி கேட்பதுமா ஓராண்டின் நம்பிக்கை? ஆனால் அந்த வரிகள் என்னை விடவில்லை. வரலாறு படித்தவன் நான். வயிற்றுக்காக ஆங்கிலம் கற்பிப்பவன். கல்லூரியில் படித்த ஏடுகளை மீண்டும் புரட்டினேன். அந்தச் சிறு ஆசைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயதாகிறது, தோழர்களே!

1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே தம் குறிப்பை எழுதியதும், மார்ச் 7ஆம் நாள் பெண்டிங்கு பிரபு அதனையொட்டி ஆணை பிறப்பித்ததும் நீங்கள் அறிந்த கதை. ஆளுவோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க ஒரு கூட்டம் வேண்டியிருந்தது வெள்ளையனுக்கு. அந்தக் கூட்டத்தை மேல்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும், மேலே ஊற்றிய அறிவு தானாகக் கீழே வடியும் என்றார்கள். ஊற்றினார்கள். பாத்திரத்தில் ஓட்டை வைக்க மறந்துவிட்டார்கள்! உழவன் கொடுக்கும் வரிப்பணம் உயர்சாதியான் வீட்டுப் பிள்ளையின் உயர்கல்விக்குப் போகிறது, உழவன் பிள்ளைக்கோ தொடக்கப் பள்ளியும் இல்லை என்று 1882இல் அண்டர் குழுவின் முன் மராட்டியத்துச் சோதிராவ் பூலே எடுத்துரைத்தார். குறிப்பு எழுதப்பட்டு நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பிறகும் நிலை அதுதான்.

சென்னையில் இந்தக் கதை எப்படித் தொடங்கிற்று என்பது பலர் அறியாதது. 1837 ஏப்ரல் 3ஆம் நாள், ஆர்மேனியன் தெருவில் ஒரு வாடகை வீட்டில், 59 மாணவர்களோடு ஓர் ஆங்கிலப் பள்ளியைத் திறந்தார் சான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். அதுவே பின்னாளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. மறு ஆண்டு, 1838இல், தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவர்கள் சிலர் அந்த வகுப்பில் இருப்பது தெரியவந்தது. தெரியவந்தது என்று நான் எழுதுவதைக் கவனியுங்கள். அதுவரை அவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே அமர்ந்து, மற்றப் பிள்ளைகளைப் போலவே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் மூச்சுக் காற்று பட்டு எவருடைய இலக்கணமும் கெட்டுப்போய்விடவில்லை. ஆயினும் செய்தி பரவியதும் கூக்குரல் எழுந்தது. அவர்களை வெளியேற்று, இல்லையேல் தனிப் பலகையில் உட்காரவை என்றார்கள் பெற்றோர்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் பள்ளியை விட்டு வெளியேறினார்கள்.

ஆண்டர்சனை நான் புனிதராக்க விரும்பவில்லை. அவர் வந்தது மதம் மாற்ற. பள்ளி அதற்கு ஒரு வழி. அவருடைய வேதத்தில் நமக்கு வேலையில்லை. ஆனால் பள்ளி காலியாகிக் கொண்டிருந்தபோதும் அந்தப் பலகையைத் தனியே இழுத்துப் போட மறுத்தாரே, அந்த ஒன்றை மறப்பது நன்றி கொன்ற செயலாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியேறியவர்களில் பலர் நாளடைவில் திரும்பி வந்துவிட்டார்கள்! சாதி போய்விடும் என்று ஓடியவர்களை உத்தியோகம் திருப்பி அழைத்தது. தீட்டுக்கும் ஒரு விலை இருந்தது.

பாதிரியார் பள்ளி இப்படி என்றால், சர்க்காருடைய பள்ளி எப்படி? 1856 ஜூனில், பம்பாய் மாகாணத்துத் தார்வாரில், மகார் சாதிச் சிறுவன் ஒருவன் அரசுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தான். அரசுப் பள்ளியில் சேரச் சென்றேன். எல்லாரும் கட்டும் கட்டணத்தைக் கட்டவும் அணியமாக இருக்கிறேன். ஆயினும் சேர்க்க மறுத்துவிட்டார்கள் என்பது அவன் முறையீடு. அவன் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. வகுப்பின் வாயிலில் நின்று, கையில் காசோடு, 'என்னை உள்ளே விடு' என்று கேட்ட பெயரில்லாச் சிறுவன்!

அரசு என்ன விடை தந்தது தெரியுமா? நியாயம் சிறுவன் பக்கந்தான் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய வெறுப்பை ஒரு சிறுவனுக்காக அசைக்கப் புகுந்தால் பள்ளியே பலருக்குப் பயனற்றதாகிவிடும் என்று கதவைச் சாத்தியது. நியாயம் உன் பக்கம், பலகை அவர்கள் பக்கம்! இந்திய அரசின் தலைமையிடத்தார் இந்த முடிவை ஏற்கவில்லை. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் திறந்தவை என்று 1858இல் கம்பெனியின் இயக்குநர் குழுவும் எழுதியது. இலண்டனிலிருந்து மை வந்தது, உண்மை. அந்த மையின் ஈரம் தார்வாரின் திண்ணை வரை வந்து சேர்வதற்குள் எத்தனை சிறுவர்கள் மீசை முளைத்து ஏர் பிடிக்கப் போயிருப்பார்கள்! நெறியாக ஏற்கப்பட்டதை 1882இல் மீண்டும் ஒருமுறை அண்டர் குழு வற்புறுத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை ஊகிக்கலாம்.

உள்ளே நுழைந்துவிட்டவர்கள் கதை வேறு. அதற்கு நம் கொங்கு நாட்டுக்கு வர வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோயம்புத்தூரில் ஒரு கலாசாலை. ஏறத்தாழ நானூறு மாணவர்கள். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பார்ப்பனர். அந்தப் பத்துப் பேருள் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். 1939இல் அவர் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பள்ளி நாள்களைச் சில வரிகளில் சொல்லிச் செல்கிறார். மாணவர்களோடு நட்புக் கொண்டால் சாதி என்ன, குடும்பம் எது, வீடு எங்கே என்ற கேள்விகள் வரும். விடை தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் நின்று படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பின்னர்தான் வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு கலைந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்க முடியாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வாராம். சேர்ந்து விளையாட முடியாத கொடுமையை எண்ணி எண்ணி மனம் கலங்குவாராம்.

அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் தோன்றும். மணி அடித்த பின் நுழைந்து, மணி அடித்தவுடன் ஓடிய அந்த மாணவர், வகுப்புக்குள் இருந்த வேளையில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டிருப்பாரா? கேட்டால் எல்லாத் தலைகளும் திரும்புமே! யார் இவன், எந்தத் தெரு என்று அடுத்த பலகையில் கிசுகிசுப்பு எழுமே! பாடத்தில் புரியாத இடம் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றையெல்லாம் விழுங்கிக்கொண்டுதானே அவர் ஆங்கிலம் கற்றிருக்க வேண்டும்! அடித்துத் துரத்தினால் உடம்பில் தழும்பு இருக்கும். காட்டி நியாயம் கேட்கலாம். கேட்காமல் விழுங்கிய கேள்விக்குத் தழும்பு ஏது?

அப்படி விழுங்கிக் கற்ற ஆங்கிலத்தை அவர் என்ன செய்தார்? 1893இல், 'பறையன்' என்று தம் மக்களின் பெயரையே தலைப்பில் தாங்கிய இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைப் பிறர் அறிந்துவிடக் கூடாதென்று பள்ளிப் பருவத்தில் ஓடி ஒளிந்தாரோ, அதே பெயரை அச்சேற்றித் தெருவில் விற்றார். அதே 1893இல் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்நாட்டிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, நடத்தினால் அதிகாரம் முழுவதும் ஒரே சாதியின் கைக்குள் போய்விடும் என்று எதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தை ஆங்கில நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அதிலே அவர் எடுத்த நிலை சரியா என்று இன்று வாதாடலாம். வாதாடுவோர், வகுப்பறையில் பேசாத ஒருவருடைய குரல் 112 அடி நீளத்துக்கு விரிந்ததையும் நினைவில் வைத்துக்கொண்டு வாதாடட்டும். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோர் சார்பாகச் சென்றவர் இருவர். ஒருவர் இவர். மற்றவர் அம்பேத்கர்.

அம்பேத்கரின் பள்ளிக் கதை உங்களுக்குத் தெரியும். சாத்தாராவில் தாம் உட்காரும் சாக்கைத் தாமே கொண்டுபோய்த் தாமே எடுத்துவந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், கணக்கைப் போட்டுக் காட்டு என்று ஆசிரியர் அழைத்ததும் அவர் கரும்பலகையை நோக்கி நடக்க, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்றுப் பெட்டிகளை எடுக்க மற்ற மாணவர்கள் ஓடினார்களாம். வடமொழி படிக்க விரும்பியவருக்கு அதை மறுத்துப் பாரசீகத்தைக் கொடுத்தார்கள். 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். இலண்டனில் அந்த இருவரும் ஆங்கிலத்தில் தம் மக்களுக்காகப் பேசியபோது, ஒருவர் பின்னால் பள்ளி மணியும் மற்றவர் பின்னால் சோற்றுப் பெட்டிகளும் நின்றிருந்தன.

சாதிக்கு ஒரு கதவென்றால் பெண்ணுக்கு இரண்டு கதவு. புதுக்கோட்டையில் 1904இல் மகாராசா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் சேர விரும்பியபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா, பையன்கள் கெட்டுவிடுவார்களே என்றார்கள். கெடக்கூடிய பையன்களைத் திருத்துவது எப்படி என்று எவரும் கேட்கவில்லை; படிக்க வந்த பெண்ணைத் தடுப்பது எப்படி என்றே கேட்டார்கள். அவருடைய தாயார் பிறந்த குலத்தைச் சுட்டியும் புறம் பேசினார்கள். மன்னர் இசைவளித்ததால் கதவு திறந்தது. 1912இல் அவர் மருத்துவரானார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். அதற்கான சட்டம் 1947இல் வந்தது. ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்ததற்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

விதிவிலக்குகளைச் சொல்லி மகிழ்ந்தால் போதுமா? 1914ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பார்ப்பனர் 452. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124. ஏனைய வகுப்பார் 74. மாகாணத்து மக்களிலோ பார்ப்பனர் நூற்றுக்கு மூவரளவே! இந்த எண்களின் சூட்டில்தான் 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை பிறந்தது. அதன் பின் நடந்தவை, நீதிக் கட்சி ஆட்சி முதல் வகுப்புரிமை ஆணை வரை, இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவையல்ல. 1953இல் அரைநாள் பள்ளி, அரைநாள் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததையும், 1954இல் அது மக்கள் சினத்தில் கருகியதையும் மட்டும் நினைவூட்டுகிறேன். நூறாண்டு ஆங்கிலம் படித்து உயர்ந்த குடும்பங்கள், குயவன் மகனுக்குச் சக்கரத்தின் பெருமையைப் போதித்த காலம் அது.

ஆங்கிலத்தை இத்தனை உயர்த்துகிறானே, இவன் தமிழ் படித்தவனா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். மாணவர்களை நான் தமிழில்தான் எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தால், 'யாரும்' என்ற சொல்லின் கீழே அந்தக் கோடு விழுந்திருக்காது. நினைப்பதற்குத் தாய்மொழி, உலகத்தின் கதவைத் தட்ட ஆங்கிலம். 1968 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றபோது சொன்னதும் அதுவே. வடமொழியைத் தேவமொழி என்று கும்பிட்டதைப் பழித்துவிட்டு, தமிழில் பேசினால் தண்டம் கட்டு என்று பிள்ளைகளை மிரட்டும் பள்ளிகளின் முன்னால் வரிசையில் நிற்கிறோமே, அதுவும் ஒரு கும்பிடுதான்.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவன் நான். முதலாண்டு ஆங்கில வகுப்பில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லைத் தவறாக ஒலித்தேன். வகுப்பே சிரித்தது, விரிவுரையாளரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த மூன்றாண்டுகளில் அந்தக் கல்லூரியின் எந்த வகுப்பிலும் நான் வாய் திறக்கவில்லை. சாக்குத் துணியும் தனிப் பலகையும் சட்டத்தால் ஒழிந்தன. சிரிப்பை ஒழிக்க எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது? எந்தத் தெருவிலிருந்து வருகிறாய், உன் வீட்டில் முதன்முதல் படிக்க வந்தவன் நீதானா என்று முன்பு வாய்விட்டுக் கேட்டார்கள். இன்று உச்சரிப்பைக் கேட்டே தெரிந்துகொள்கிறார்கள்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், தாளில் இருந்த கையெழுத்து எங்கோ பார்த்தது போலத் தோன்றியது. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் இதே பெண் ஒரு பாடத்தைப் படித்தாள். 'கபர்டு' என்று ஒலிக்க வேண்டிய சொல்லை, நடுவில் உள்ள 'பி' எழுத்தையும் விடாமல், 'கப்-போர்டு' என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீய எண்ணத்தோடு சிரிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். என் கல்லூரி விரிவுரையாளரும் அதையேதான் சொல்லியிருப்பார். அவள் எழுத்தைப் பார்த்து நேர்மையாகப் படித்தாள். எழுதியதை ஒலிக்காமல் விடுவது அந்த மொழியின் வழக்கம், அவள் குற்றமன்று. 'யாரும்' என்ற சொல்லின் கீழே இழுத்த கோடு எவரைச் சுட்டுகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மறுநாள் வகுப்பில், அறிதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். கே, என், ஓ, டபிள்யூ. 'நோ' என்று ஒலித்துக் காட்டிவிட்டுச் சும்மா நின்றேன். முன் பலகையில் இருந்தவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நேரம் போயிற்று. வழக்கமாக இந்நேரம் பொருள் சொல்லி, வினாவிடை சொல்லி, அடுத்த பத்திக்குப் போயிருப்பேன். அன்று போகவில்லை. சென்ற ஆண்டு 'கப்-போர்டு' என்று படித்தது சரியான வழியில் சிந்தித்ததுதான், தவறாகச் சிரித்தவன் நான் என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் நின்றேன்.

மூன்றாம் வரிசையில் அவள் எழுந்தாள். "முதல் எழுத்தைச் சொல்லவே மாட்டோம் என்றால், அதை எதற்கு சார் எழுதுகிறோம்?"

எவரும் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் அந்தக் 'கே'யை ஒலித்தார்கள் என்று சொன்னேன். 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்து நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டில் ஒலி மட்டும் செத்துவிட்டது. செத்ததை இன்னும் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். வகுப்பு முழுவதும் ஒரு சலசலப்பு. கடைசிப் பலகையிலிருந்து ஒருவன், வங்கிக் கடிதம் எழுதியவன் என்று நினைக்கிறேன், உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான். "அப்போ எடுத்துவிட வேண்டியதுதானே, சார்?"

தமிழில் அப்படி எடுத்தார்கள் என்று தொடங்கினேன். பெரியார் 1935இல் தம் 'குடிஅரசு' ஏட்டில் எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சிட்டதையும், 1978இல் தமிழ்நாட்டு அரசு அவற்றை ஏற்றதையும் கரும்பலகையில் பழைய 'ணை'யையும் புதிய 'ணை'யையும் வரைந்து காட்டினேன். ஆங்கிலத்துக்குப் புது நெடுங்கணக்கு உண்டாக்கவென்று பெர்னார்ட் ஷா தம் உயிலில் பணம் எழுதிவைத்த கதையை எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டேன்.